நல்ல கறியை நியாயமான விலையில் வாங்குவது எப்படி: கடைக்குப் போகும் முன்பிருந்து ஃப்ரீசர் வரை

"நல்ல கறி எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, என்ன சமைக்கப் போகிறீர்கள், எத்தனை பேருக்கு, மிச்சத்தை வைக்க வீட்டில் இடம் இருக்கிறதா என்பதுதான். புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடைக்குப் போய், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்ததை வாங்கி, வீட்டுக்கு வந்த பிறகுதான் அதை என்ன செய்வது என்று யோசிக்கிறார்கள். பணம் வீணாவதும் கறி ரப்பர் மாதிரி இருப்பதும் முக்கால்வாசி இதனால்தான். அதனால் கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் போய்ப் பாருங்கள்.

1. முதலில் சமையல், பிறகு அளவு, பிறகு இடம்

சமைக்கும் முறைதான் எந்தப் பாகம் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது, பாகம்தான் விலையைத் தீர்மானிக்கிறது. நீண்ட நேரம் வேகும் குழம்புக்கோ சூப்புக்கோ விலை உயர்ந்த மென்மையான கறியை வாங்கினால், கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு ஒன்றும் கிடைக்காது, அந்தக் கறி வறண்டுதான் போகும்.

அளவுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு, ஒருவருக்கு எலும்போடு என்றால் 250 கிராம், எலும்பில்லாமல் என்றால் 150 கிராம். கறி வேகும்போது நீரும் கொழுப்பும் வெளியேறி எடையில் கால் பங்கு வரை குறையும், அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

அப்புறம் இடம். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழேயும், ஃப்ரீசர் மைனஸ் 18லும் இருக்க வேண்டும். அந்தக் குளிர் உங்கள் ஃப்ரிட்ஜில் இல்லை என்றால், மொத்தமாக வாங்கினால் மலிவு என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். கெட்டுப்போய்த் தூக்கி எறியும் கறியை விட விலை உயர்ந்த கறி எதுவும் இல்லை.

2. பாகங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

செலவைக் குறைப்பதற்கான பெரிய வழி கடையை மாற்றுவது இல்லை, பாகத்தை மாற்றுவதுதான்.

விலங்கு எந்தத் தசையை அதிகம் பயன்படுத்துகிறதோ அது கடினமாக இருக்கும். கால், கழுத்து, தோள்பட்டை எல்லாம் நாள் முழுக்க வேலை செய்கிற பாகங்கள். அவற்றில் சவ்வு அதிகம், அந்தச் சவ்வில் இருப்பது கொலாஜன். குறைந்த தீயில், ஈரத்தோடு, நேரம் கொடுத்து வேகவைத்தால் அந்தக் கொலாஜன் ஜெலட்டினாக மாறிக் குழம்பைக் கெட்டியாக்கும், சுவையும் ஏறும். முதுகுத்தண்டை ஒட்டிய கறி அதிகம் வேலை செய்யாதது, மென்மையானது, ஒரு விலங்கில் அது கொஞ்சம்தான் இருக்கும், எல்லோரும் கேட்கிறார்கள், அதனால்தான் அந்த விலை. வாட்டுவதற்கும் சட்டென்று வறுப்பதற்கும் மட்டும் அதை வாங்குங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் தோள்பட்டை, கழுத்து, முன்னங்கால் போதும். போதும் என்பதை விட, அதுதான் சரி.

கோழியில் கணக்கு வேறு. முழுக் கோழியாக வாங்கி நீங்களே பிரித்தால் பெரும்பாலும் துண்டுகளாக வாங்குவதை விட மலிவாக வரும், எலும்பும் கழுத்தும் சூப்புக்கு மிஞ்சும். மூட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அந்த இடத்தில் கத்தியை விட்டால் எலும்பை வெட்டவே தேவையில்லை.

கொத்துக்கறியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது அது உள்ளே முழுக்கக் கலந்துவிடுகிறது. அதனால் அரைத்து வைத்திருப்பதை வாங்காமல், ஒரு துண்டைக் காட்டி உங்கள் கண் எதிரிலேயே அரைக்கச் சொல்லுங்கள். என்ன பாகம், எவ்வளவு கொழுப்பு என்பதும் அப்போதுதான் தெரியும்.

3. எந்த மாதிரி கடை உங்களுக்குப் பொருந்தும்

எல்லாவற்றுக்கும் ஒரே நல்ல கடை என்று ஒன்று கிடையாது. எங்கே என்ன வாங்குவது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

தனிக் கறிக்கடையின் பலம், அங்கே நிற்கும் ஆள். கேட்ட பாகத்தைக் கேட்ட அளவில் வெட்டித் தருவார், எப்போது வந்தது என்று சொல்வார். விற்பனை வேகமாக இருக்கும் கடையாகப் பாருங்கள், ஏனென்றால் அங்கே பழைய கறி தங்காது. ஈரல், இதயம், குடல் போன்றவை சீக்கிரம் கெடும் என்பதால் இவற்றை இங்கே மட்டும், அன்றைக்கு வந்ததாக வாங்குவது நல்லது.

சூப்பர் மார்க்கெட்டில் பேச ஆள் இல்லை, லேபிள்தான் பேசும். பேக் செய்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, நிகர எடை, பொருட்களின் பட்டியல் என்று நான்கையும் படியுங்கள். பட்டியலில் கறியைத் தவிரத் தண்ணீர், உப்பு, பாஸ்பேட் என்று இருந்தால் எடை கூடுவதற்காகவும் ஈரம் தங்குவதற்காகவும் உப்புநீர் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம், கறி விலைக்குத் தண்ணீரை வாங்குகிறீர்கள். கடைசித் தேதி நெருங்கியதால் விலை குறைத்திருக்கும் பேக்குகள் நல்ல வாய்ப்புதான், ஆனால் அன்றே சமைக்க வேண்டும் அல்லது அந்தத் தேதிக்குள் ஃப்ரீசரில் போட வேண்டும். "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்பது பாதுகாப்பு பற்றியது, "இந்தத் தேதி வரை சிறந்தது" என்பது தரம் பற்றியது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மொத்த விற்பனைக் கடை, கொண்டாட்டம் மாதிரி நிறையப் பேருக்குச் சமைக்கும்போதும், இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளும்போதும் லாபம். வளர்ப்பவரிடம் நேரடியாக வாங்குவது பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன், அது கொஞ்சம் பெரிய வேலை.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் முதல் ஆர்டர் சிறியதாக இருக்கட்டும். பேக் வந்தவுடன் தொட்டுப் பாருங்கள். ஐஸ் போலக் குளிர்ந்து இருக்க வேண்டும், வெதுவெதுப்பாக இருந்தால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. வாங்காமல் ஒருமுறை போய்ப் பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இதுதான். வாங்க வேண்டும் என்ற அவசரத்தோடு போனால் கண் கறியை மட்டும்தான் பார்க்கும். சும்மா போனால் கடையைப் பார்க்கும்.

வெட்டும் கட்டை ஆழமான பிளவுகளோடு கறுத்துப் போயிருக்கிறதா, கத்தியை எதில் துடைக்கிறார்கள், பணம் வாங்கிய கையோடு அப்படியே கறியைத் தொடுகிறார்களா, கை கழுவத் தண்ணீர் இருக்கிறதா, ஈ மொய்க்கிறதா, கழிவு எங்கே போகிறது என்று பாருங்கள். கோழியும் மற்ற இறைச்சியும் ஒரே கட்டையில் ஒரே கத்தியால் வெட்டப்படுகிறதா என்றும் கவனியுங்கள். விற்காத கறி குளிரில் இருக்கிறதா, வெளியே தொங்குகிறதா என்பது இவை எல்லாவற்றையும் விட முக்கியம், ஏனென்றால் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆய்வு செய்யப்பட்ட இறைச்சிக் கூடத்திலிருந்து வந்த கறியா, அதன் முத்திரை இருக்கிறதா என்று கேட்கலாம். நேர்மையான கடைக்காரர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

வாசனையையும் கவனியுங்கள். கறிக்கடையில் பச்சைக் கறி வாசனை இருக்கும், புளித்த வாடையோ அழுகல் வாடையோ இருக்கக் கூடாது. எதுவுமே தெரியாத அளவுக்கு ஊதுவத்தியோ ரூம் ஸ்பிரேயோ மூக்கில் ஏறினால் நான் அந்தக் கடையை விட்டுவிடுவேன்.

5. கிலோ விலையைப் பார்க்காதீர்கள், தட்டுக்கு வரும் கறியின் விலையைப் பாருங்கள்

இந்தக் கணக்கைப் போடாமல் எந்தக் கடை மலிவு என்று சொல்லவே முடியாது.

எலும்புள்ள கறி கிலோ 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் எலும்பும் கழிவும் 30 சதவீதம் என்றால் உண்மையில் கிடைக்கும் கறி 700 கிராம். 100ஐ 0.7ஆல் வகுத்தால் கிலோவுக்கு 143 வருகிறது. எலும்பில்லாத கறி 140க்குக் கிடைத்தால் அதுதான் மலிவு. 180 சொன்னால் எலும்புள்ளதே லாபம், எலும்பு வேறு சூப்புக்கு ஆகும்.

உயிர்க்கோழி விலையையும் உரித்த கோழி விலையையும் ஒப்பிடும்போதும் இதே தவறு நடக்கிறது. உயிரோடு எடை போட்ட கோழியில் உரித்துச் சுத்தம் செய்த பிறகு ஏறக்குறைய 70 சதவீதம்தான் மிஞ்சும். 2 கிலோ கோழி 1.4 கிலோ ஆகும். தோலையும் எடுத்துவிட்டால் இன்னும் குறையும். எந்தக் கடை எந்த நிலையில் எடை போட்டு விலை சொல்கிறது என்று தெரியாமல் இரண்டு கடைகளை ஒப்பிடுவதில் பயனே இல்லை.

உறைந்த கறியை உருகவைத்து, நீரை வடித்து, ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ பேக் 850 கிராம் ஆகிறது என்றால் விலையை 0.85ஆல் வகுக்க வேண்டும். சில பேக்குகள் இந்தக் கணக்குக்கு அப்புறமும் மலிவாகவே இருக்கும், அப்படி இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். சரியாக உறையவைத்த கறி, வெயிலில் நாள் முழுக்கத் தொங்கிய "ஃப்ரெஷ்" கறியை விட எவ்வளவோ மேல்.

6. கேளுங்கள், பாருங்கள், அழுத்துங்கள், முகருங்கள்

கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். கூட்ட நேரத்தில் கடைக்காரருக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது, அவசரத்தில் எது கைக்கு வருகிறதோ அதுதான் தட்டில் விழும்.

"இது எப்போது வெட்டியது, இன்றைக்கு இவ்வளவு நேரம் வேகவைக்கப் போகிறேன், எந்தப் பாகம் தருவீர்கள்?" என்று கேளுங்கள். "நல்லதா கொடுங்கண்ணே" என்று சொன்னால் அதற்குப் பதில் எப்போதும் "எல்லாமே நல்லதுதான்" என்றுதான் வரும். சமையலைச் சொல்லிக் கேட்டால் அவருக்கும் யோசித்துக் கொடுக்க ஒரு பிடி கிடைக்கிறது. தொழில் தெரிந்தவர் என்றால் விலை குறைந்த வேறு பாகத்தை அவரே சொல்வார்.

நிறத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கறியின் சிவப்பு ரத்தத்தால் வருவது இல்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தால் வருவது. அது காற்று பட்டால் பளிச்சென்ற சிவப்பாகும், நேரம் போகப் போகப் பழுப்பாகும். காற்று நீக்கி மூடிய பேக்கில் கறி கருஞ்சிவப்பாக, ஊதா கலந்து இருக்கும், திறந்து கொஞ்ச நேரம் வைத்தால் சிவக்கும். அதே பேக்கைத் திறந்தவுடன் ஒரு அடைந்த வாடை வரலாம், சில நிமிடங்களில் அது போய்விட்டால் பிரச்சினை இல்லை, போகவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். மறுபக்கம், ஆக்சிஜன் அதிகம் நிரப்பிய பேக்கில் கறி பல நாட்கள் பளிச்சென்றே இருக்கும். ஆக, நிறத்தை மட்டும் வைத்து வாங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

மாட்டுக்கறி மிகவும் கறுத்து, வறண்டு, விரலில் ஒட்டுகிற மாதிரி இருந்தால் வெட்டும் முன் அந்த விலங்கு களைத்து, பயந்து போயிருந்திருக்கலாம். தசையில் சேர்ந்திருந்த சர்க்கரைச் சத்து தீர்ந்துபோவதால் கறியில் போதிய அமிலம் உருவாகாது, அப்படிப்பட்ட கறி சீக்கிரம் கெடும். பன்றிக்கறி வெளிறி, தளர்ந்து, நீர் கசிந்து கிடந்தால் சமைக்கும்போது வறண்டுவிடும். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

விரலால் அழுத்தினால் குழி உடனே மேலே வர வேண்டும். மேற்பரப்பு ஈரமாக இருக்கலாம், வழவழப்பாகக் கொழகொழவென்று இருக்கக் கூடாது. கறியைத் தொடக் கடையில் விடமாட்டார்கள் என்றால் கடைக்காரரையே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டுக்கறியில் வயதைப் பார்க்க எலும்பைப் பாருங்கள். இளசு என்றால் வெட்டிய இடத்தில் எலும்பு சிவந்து, துளைதுளையாக இருக்கும். முற்றியது என்றால் வெளுத்துக் கெட்டியாக இருக்கும். கோழியில் நெஞ்செலும்பின் நுனியை வளைத்துப் பாருங்கள், இளங்கோழிக்கு அது குருத்தெலும்பாக வளையும். முற்றிய கறி கெட்ட கறி இல்லை, விலை குறைவாக வாங்கிப் பொறுமையாக வேகவைக்க நல்லது. இளசு விலைக்கு வாங்காமல் இருந்தால் சரி.

கொழுப்பு மஞ்சளாக இருந்தால் உடனே பழையது என்று முடிவு கட்டாதீர்கள். புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பும், தீவனத்தைப் பொறுத்துக் கோழியின் தோலும் மஞ்சளாக இருக்கும். சிக்கு வாடை அடித்தால்தான் பழையது.

7. எடையும் வெட்டும்

தராசு பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று கறி வைக்கும் முன் பாருங்கள். கொழுப்பையும் சவ்வையும் நீக்கிய பிறகு எடையா, நீக்கும் முன் எடையா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், வெட்டிய பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

துண்டின் அளவை வாயால் சொல்லாமல் விரலால் காட்டுங்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறியது கரையும்போது பெரியது வேகாமல் கிடக்கும். எலும்பை ஒரே வெட்டாக வெட்டச் சொல்லுங்கள், பல முறை கொத்தினால் எலும்புச் சில்லு கறியில் கலந்துவிடும். குழந்தைகள் சாப்பிடும் வீடு என்றால் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

8. வீட்டுக்குக் கொண்டுபோவதும் வைப்பதும்

எல்லாக் கடைகளுக்கும் போய்விட்டுக் கடைசியாகத்தான் கறி வாங்க வேண்டும். கறி குளிர் இல்லாமல் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். ஒரு ஐஸ் பேக்கும் தடிமனான பையும் இருந்தால் இந்தக் கவலை போய்விடும்.

கோழியைக் குழாயடியில் கழுவாதீர்கள். தெறிக்கும் தண்ணீரோடு கிருமிகள் சிங்க் முழுக்கவும் பக்கத்துப் பாத்திரங்கள் மேலும் போகும், வேகவைப்பதுதான் கிருமியைக் கொல்கிறது. கோழிக்கு உள்ளே 74 டிகிரி, கொத்துக்கறிக்கு 71 டிகிரி வரை சூடு ஏற வேண்டும். எலும்புத் தூள் ஒட்டியிருந்தால் டிஷ்யூவால் துடைத்துவிட்டு அதைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

ஃப்ரிட்ஜில் மூடிய பாத்திரத்தில், எல்லாவற்றுக்கும் கீழ்த் தட்டில் வையுங்கள். மேலே வைத்தால் சொட்டும் நீர் காய்கறி மேல் விழும். கோழி, கொத்துக்கறி, ஈரல் எல்லாம் 1 முதல் 2 நாள். ஆடு, மாடு, பன்றித் துண்டுகள் 3 முதல் 5 நாள். அதற்கு மேல் என்றால் வாங்கிய அன்றே ஃப்ரீசருக்குப் போக வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இது தெரியாமல் நல்ல கறியைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். விலங்கு வெட்டப்பட்ட சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். அந்த விறைப்புக்கு முன் உடனே சமைத்தால் கறி மென்மையாக இருக்கும், விறைத்திருக்கும்போது சமைத்தால் எவ்வளவு வேகவைத்தாலும் கடினம், விறைப்பு தளர்ந்த பிறகு திரும்ப மென்மையாகும். வெட்டிய சூட்டோடு வாங்கிய ஆட்டுக்கறியையோ மாட்டுக்கறியையோ நேராக ஃப்ரீசரில் போட்டால் தசை சுருங்கி, உருகும்போது இன்னும் இறுகிவிடும். அதனால் அப்படிப்பட்ட கறியை ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அப்புறம் ஃப்ரீசரில் வையுங்கள். கோழிக்குச் சில மணி நேரம் போதும்.

ஒரு வேளைக்குத் தேவையான அளவாகப் பிரித்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, தட்டையாக்கி, தேதி எழுதி வையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். கொத்துக்கறியை 4 மாதத்துக்குள்ளும், கோழித் துண்டுகளை 9 மாதத்துக்குள்ளும் தீர்த்துவிட்டால் சுவை குறையாது. உருகவைப்பது முந்தைய நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றித்தான், சமையல் மேடையில் வைத்து அல்ல.

9. வளர்ப்பவரிடம் பங்காக வாங்குவது

முதல் எட்டுப் படியும் பழகிய பிறகு இதற்கு வாருங்கள். கிலோ விலை நன்றாகக் குறையும், விலங்கு என்ன தின்றது, எப்படி வளர்ந்தது என்று நேரில் பார்க்கலாம். ஆனால் மென்மையான பாகம் கொஞ்சமும், மெதுவாக வேக வேண்டியதும் எலும்பும் நிறையவும் சேர்ந்துதான் வரும். அதைச் சமைக்கத் தெரியாதவர்களுக்குப் பாதி ஃப்ரீசரிலேயே கிடக்கும்.

விலை எந்த எடைக்கு என்பதுதான் முதல் கேள்வி. உயிர் எடை, உரித்த எடை, வெட்டிப் பையில் வரும் எடை என்று மூன்று இருக்கின்றன. ஆட்டில் உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் உரித்த எடை, மாட்டில் 60 சதவீதம் வாக்கில், பன்றியில் 70க்குக் கொஞ்சம் மேல். உரித்ததிலும் எலும்பும் கழிவும் போகும். 30 கிலோ ஆடு என்றால் உரித்தால் 15 கிலோ, இருவர் பங்கு போட்டால் ஆளுக்கு எலும்போடு 7.5 கிலோ. உங்கள் பங்குக்குக் கொடுக்கும் விலையை அந்த 7.5ஆல் வகுத்துக் கடை விலையோடு ஒப்பிடுங்கள். வெட்டுக்கூலி, வண்டிக் கூலி தனி என்றால் அதையும் சேர்த்த பிறகு வகுக்க வேண்டும்.

எங்கே வெட்டப்படுகிறது, கால்நடை மருத்துவர் பார்க்கிறாரா, ஈரலும் தலையும் யாருக்கு, எப்படித் துண்டு போட்டுத் தருவார்கள் என்பதை எல்லாம் முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். 15 கிலோ கறிக்கு ஃப்ரீசரில் சுமார் 30 லிட்டர் இடம் வேண்டும். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் திணித்தால் நடுவில் இருப்பது உறைய நெடுநேரம் ஆகும் என்பதால், பரப்பி வைத்து உறையவைத்த பிறகு அடுக்குங்கள். முதல் முறை நண்பர்கள் இரண்டு மூன்று பேரோடு சிறிய பங்காக எடுத்துப் பாருங்கள். அந்தப் பங்கு தீர எத்தனை வாரம் ஆனது, எந்தப் பாகம் கடைசி வரை கிடந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த பங்கின் அளவையும் வெட்டையும் அதை வைத்துச் சொல்லுங்கள்.